சுவர் தெரிய வேண்டாம்

ஊதுமலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்குப் பெரிய துரை விடியற்காலையில் நேரில் வருகிறார் என்றால், ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும், அல்லது யாரையாவது உயிரோடு புதைக்கிற கோபம் அவருக்கு வந்திருக்க வேண்டும். அன்றைக்கு யாரும் சாகவில்லை. வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடையும் மழைக்குப் போர்த்துகிற படங்குமாக நின்றிருந்த பெண்களுக்கு நடுவில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவரின் கையில் முதல்நாள் தமிழ்ப் பேப்பர் இருந்தது. அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. படம் பார்க்க எழுத்து எதற்கு?

"மாரியாயி எங்க? இங்க வா."

மாரியாயி கூடையை இறக்கிவைக்காமலே போய் நின்றாள்.

"இது ஒன்ட குடும்பம்தானே? இது ஒன்ட வீடுதானே?"

"ஆமாங்க தொரை."

"எங்க வெடிப்பு? காட்டு பார்ப்போம்."

அவள் குனிந்து பார்த்தாள். படத்தில் நடுவில் அவள் நின்றாள். இடது பக்கம் புருஷன் முருகையா, கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு கோயில் கூட்டத்துக்குப் போகிறவன்போல நின்றான். வலது பக்கம் மகள் ஜீவராணி, கையில் பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பிள்ளை. எல்லாம் சரியாக இருந்தது. பிள்ளையின் தொப்பி மடிப்புகூடத் தெரிந்தது. ஆனால் அவள் தலைக்குப் பின்னால் கூரையிலிருந்து தரைவரைக்கும் கோணல்மாணலாக இறங்கியிருக்க வேண்டிய வெடிப்பு இல்லை. கரிப்புகை இல்லை. ஓதம் ஏறிய கறை இல்லை. அவர்கள் மூன்று பேரும் ஏதோ கச்சேரி மண்டபத்துச் சுவருக்கு முன்னால் நிற்கிற மாதிரி, வழுவழுவென்று வெள்ளையாக இருந்தது. அதற்கு மேலே கொட்டை எழுத்தில், 'எந்நேரமும் இடியலாம்: அச்சத்தில் ஊதுமலை மக்கள்' என்று போட்டிருந்தார்கள்.

"இந்தச் செவரா இடியப் போகுது?" துரை பேப்பரைச் சுற்றிலும் காட்டினார். "என்ட பங்களாச் செவருகூட இப்படி இல்ல."

கணக்கப்பிள்ளை சிரித்தார். துரை சிரித்தால் சிரிப்பதும் அவருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி.

"தொரை, நீங்க வந்து பாருங்க. இப்பவே வாங்க. கை போகும் உள்ள."

"நான் என்னத்துக்கு வரணும்? மண்சரிவு ஆபீசர்மார் வரட்டும்னுதானே நீ பேப்பர்ல போட்ட? அவங்க படத்தைப் பார்த்தாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, தை மாசம் வந்து பார்க்கிறோம்னு நேத்தே போன்ல சொல்லிட்டாங்க. பொய் சொல்லி எனக்கு ஹெட் ஆபீஸ்ல கரச்சல் எடுத்துக் குடுத்திருக்க. போ, மலைக்குப் போ."

தை மாசம் என்றால் மழை முடிந்த பிறகு. ஐப்பசி இப்போதுதான் பிறந்திருந்தது. இனிமேல்தான் பகலும் இரவும் ஒன்றாக ஊற்றும். போன வருஷத்துப் பெருமழையில்தான் அவர்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற மலை ஓரடி கீழே இறங்கி வந்து நின்றது. நின்றது என்று சொல்கிறார்கள். நின்றதை மலை யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு மயிரிழையாக விட்ட வெடிப்பு அப்புறம் விரல் அகலமாயிற்று, பிறகு கை அகலமாயிற்று. தலைப்பிரசவத்துக்கு ஜீவராணி வந்தபோது அந்தச் சுவர் ஓரத்தில்தான் கட்டிலைப் போட முடிந்தது. மற்றப் பக்கம் கூரை ஒழுகும். பிள்ளைக்குக் குளிர்காற்று பட்டுவிடக் கூடாதென்று மாரியாயி ஒரு பழைய சீலையைச் சுருட்டி வெடிப்பில் திணித்தாள். கொஞ்ச நாளில் அந்தச் சீலை உள்ளே விழுந்து காணாமற்போனது. இன்னொன்றைத் திணித்தாள். அதுவும் போனது.

அப்புறம்தான் பேப்பருக்குச் செய்தி அனுப்புகிற ரமணன் தம்பியைப் பண்டாரவளையிலிருந்து கூப்பிட்டாள். அவன் வந்து, குடும்பத்தைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, போனில் படம் எடுத்துப்போனான். படம் வந்தால் அதிகாரிகள் வருவார்கள், அதிகாரிகள் வந்தால் லயத்தை விட்டு எழுப்பி வேறு இடம் கொடுக்கச் சொல்வார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். கணக்கெல்லாம் சரிதான். வந்த படம்தான் அவளுடைய வீட்டுப் படம் இல்லை.

அவள் கொழுந்து எடுக்க மலைக்குப் போகவில்லை. லயத்தில் தன் ஒற்றையறைக் காம்பராவுக்குத் திரும்பிவந்து கூடையைத் தூக்கி எறிந்தாள்.

"என்ன, பேரு குடுக்கலையா?" முருகையா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"பேர எடுத்தாச்சு. பொய்க்காரின்னு."

"நான் அப்பவே சொன்னேன். தொரையோட மோதி நம்மால ஆகுமா? பேப்பருக்குப் போகாதன்னு படிச்சுப்படிச்சு சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. மலையும் கேட்டுக்கிட்டு அப்படியே நிக்குது."

"சும்மா எதுக்கெடுத்தாலும் வெடுவெடுன்னு விழாத. இப்ப எங்க கெளம்பிட்ட?"

"பதுளைக்கு. படத்த அங்கதான் சரிபண்ணி அனுப்புறதுன்னு ரமணன் தம்பி சொல்லுச்சு. என் செவரைத் திருடினது யாருன்னு பார்த்துட்டு வர்றேன்."

ஜீவராணி கட்டிலில் இருந்தபடியே, "அம்மா, கோவத்துல சாப்பிடாமக் கொள்ளாம பஸ் ஏறிராத, ரொட்டி ரெண்டு இருக்கு, தின்னுட்டுப் போ" என்றாள். மாரியாயி ரொட்டியைச் சம்பலோடு சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் பூனாகலை தாண்டும்வரை அது கையிலேயே இருந்தது.

பதுளை பஜார் வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது வைரவநாதனின் ஸ்டூடியோ. அந்தப் பேப்பருக்கு அவர்தான் ஏஜெண்டு. ஊவாப் பக்கத்துத் தோட்டங்களில் விழுகிற சாவெல்லாம் அந்த மாடிக்குத்தான் வந்து சேரும். மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள், முதலாம் ஆண்டு நினைவு என்று எதுவானாலும் ஒரு படம் வேண்டும். செத்தவருக்குத் தனிப்படம் இருக்காது. கல்யாண வீட்டுக் கும்பலிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, கோட்டுப் போட்டு, கண்ணுக்கு வெளிச்சம் கொடுத்து, பேப்பரில் அச்சாகிற பதத்துக்கு ஆக்கிக் கொழும்புக்கு அனுப்புவது வைரவநாதனின் மகள் துஷ்யந்தியின் வேலை.

மாரியாயி படியேறிப் போய், கும்பிடுகூடப் போடாமல், வழியில் கடையில் கேட்டு வாங்கிய பேப்பரை மேசைமேல் விரித்தாள்.

"இதுல இருந்த வெடிப்ப என்னா செஞ்சீங்க?"

வைரவநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "என்னம்மா? படம் நல்லாத்தானே விழுந்திருக்கு. எல்லாரு மொகமும் தெளிவா இருக்கு."

"மொகத்த யாரு மொதலாளி கேட்டா? நாங்க செவரக் காட்டத்தானே நின்னோம்."

அப்போதுதான் துஷ்யந்தி கம்ப்யூட்டர் பக்கமிருந்து திரும்பினாள். முப்பது வயசு இருக்கும். பேப்பரைப் பார்த்தவுடனே அவள் முகம் மாறிவிட்டது. மேலே இருந்த தலைப்பை அவள் அப்போதுதான் முதல்தடவையாக வாசித்தாள்.

"அக்கா, இது நியூஸ் படமா?"

"பின்ன என்னா, நாங்க மூணு பேரும் செத்துட்டோம்னு நெனச்சீங்களா?"

துஷ்யந்தி நினைத்தது ஏறக்குறைய அதுதான். அன்றைக்குப் பன்னிரண்டு, பதினைந்து படம் ஒன்றாக வந்திருந்தது. ரமணனும் செய்தியை நேரே கொழும்புக்கு அனுப்பிவிட்டு, இவளுக்கு ஒரு வரி எழுதாமல் படத்தை மட்டும் தட்டிவிட்டிருந்தான்.

"காட்டு தங்கச்சி. என்னா செஞ்சன்னு எனக்குக் காட்டு."

அவள் காட்டினாள். திரையில் அப்போது யாரோ ஒரு கிழவரின் படம் இருந்தது. மொனராகலைப் பக்கமாம், முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்தது. பின்னால் லயத்துச் சுவர், ஆணியில் தொங்குகிற கூடை, புகை பிடித்த பலகை. துஷ்யந்தி ஓர் இடத்தில் வைத்து இழுத்தாள், கூடை போய்விட்டது. இன்னொரு தடவை இழுத்தாள், பலகை போய்விட்டது. மூன்றாவது இழுப்பில் சுவரில் இருந்த கீறலெல்லாம் போய், வெறும் வெள்ளையாகிவிட்டது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட ஆகவில்லை.

"எல்லாப் படத்துக்கும் இப்படித்தான் செய்யிறதா?"

"பின்னால குப்பையா இருந்தா பேப்பர்ல படம் கறுத்துப் போயிடும் அக்கா. அந்தக் காகிதம் மையைக் குடிக்கும். லேசாச் சாம்பல் கலரா இருக்கிறதெல்லாம் ஒரேயடியாக் கறுப்பாகிடும். அதனால பின்பக்கத்த வெள்ளையாக்கிட்டுத்தான் அனுப்புவோம்."

"அதுக்காக இருக்கிற வெடிப்ப இல்லாம ஆக்குவீங்களா?"

"அது மட்டும் இல்லக்கா." துஷ்யந்தி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "ஒங்க ஆளுங்கதான் கேப்பாங்க. தோட்டத்துலேருந்து வர்ற ஒவ்வொருத்தரும் படத்தக் குடுத்துட்டுக் கடைசியா ஒண்ணு சொல்லுவாங்க. பின்னால லயத்துச் செவரு தெரிய வேணாம்னு. கேட்டுக்கேட்டு இப்ப கேக்காமலே செஞ்சிடுறேன்."

மாரியாயிக்கும் நினைவு வந்தது. மாமியார் செத்து முப்பத்தோராம் நாளுக்குப் பேப்பரில் போட்டபோது, காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்த படத்தைத்தான் கொடுத்து அனுப்பினார்கள். கொண்டுபோனவரிடம் அவளும்தான் சொன்னாள், பின்னால லயம் தெரிய வேணாம், நீலமா ஏதாச்சும் போட்டுரச் சொல்லுங்க என்று. கொழும்பில் கடைகளில் நிற்கிற பிள்ளைகள் அந்தப் பேப்பரைக் கூட வேலை செய்கிறவர்களுக்குக் காட்டும்போது வெட்கப்படக் கூடாதே என்று சொன்னாள். இத்தனை வருஷமாக ஒரு மலைநாடே தன் சுவரை ஒளித்து ஒளித்து வைத்திருக்கிறது. இப்போது காட்டலாம் என்று எடுத்து வந்தால், காட்டுவதற்குச் சுவர் இல்லை. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வந்த ஆத்திரம் மற்ற ஆத்திரங்களைக் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்தது.

"சரி, கேட்டோம். செத்தவங்களுக்குக் கேட்டோம். உசுரோட இருக்கிறவளுக்கு யாரு கேட்டா? என் பேத்தி அந்த வெடிப்புக்குப் பக்கத்துலதான் படுத்திருக்கு."

வைரவநாதன் இடையில் புகுந்தார். "கோபப்படாதீங்கம்மா. வேணும்னு செஞ்சதில்ல. நான் பேப்பருக்குப் பேசி ஒரு திருத்தம் போடச் சொல்றேன். ரெண்டு வரி போட்டா முடிஞ்சுது."

"ரெண்டு வரியத் தொரைக்கு யாரு வாசிச்சுக் காட்டுறது? அவருக்குப் படந்தான் தெரியும். ஆபீசர்மாரும் படத்தப் பார்த்துத்தான் தை மாசம்னு சொல்லியிருக்காங்க. படத்தால போனது படத்தாலதான் வரணும் மொதலாளி."

"பழைய படத்தையே திரும்ப அனுப்பலாம் அப்பா" என்றாள் துஷ்யந்தி. ரமணன் எடுத்த படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். வெடிப்பு இருந்தது. ஆனால் போனில் எடுத்த படம், உள்ளே இருட்டு, மூன்று தலையின் நிழல் வேறு. அவளே உதட்டைப் பிதுக்கினாள். "இது அச்சில் நிக்காது அக்கா. வெடிப்பும் நிழலும் ஒண்ணாக் கலந்து ஒரு கறுப்புப் பட்டையாத்தான் வரும்."

"அப்ப அந்த வெடிப்ப மட்டும் கொஞ்சம் எடுப்பாத் தெரியிற மாதிரி ஆக்க முடியாதா?"

"ஆக்கலாம். மேலால கோடு இழுத்தாப் போதும். ஆனா நேத்து இல்லாத வெடிப்பு இன்னைக்கு எப்படி வந்துச்சு, கம்ப்யூட்டர்ல வரைஞ்சதுதானேன்னு கேப்பாங்க. கேட்டா நான் என்னன்னு சொல்றது? வரைஞ்சதுதான்னு சொல்லணும்."

உண்மைதான். அழித்ததும் பொய், வரைந்தால் அதுவும் பொய். நடுவில் இருக்கிற நிஜத்துக்குத்தான் இடம் இல்லாமற்போனது.

"அப்ப நீ வா தங்கச்சி. ஒன் பெரிய கேமராவ எடுத்துக்கிட்டு நீயே வா. ஒன் கண்ணால பாரு. அதுக்கப்புறமும் அழிக்க மனசு வருதான்னு பார்ப்போம்."

"அம்மா, அது நடக்கிற காரியமா?" என்றார் வைரவநாதன். "அந்தத் தோட்டத்து ஸ்டாப்மாருக்கு ஐடென்டி படம், விளையாட்டுப் போட்டிப் படம் எல்லாம் நாங்கதான் எடுத்துக் குடுக்கிறோம். தொரை எங்களுக்கு வேண்டியவரு. அவருக்கு எதிரா நாங்களே வந்து நின்னா எப்படி?"

"எதிரா நிக்க வேணாம் மொதலாளி. செவருக்கு எதிரா நின்னாப் போதும்."

துஷ்யந்தி அப்பாவைப் பார்க்காமலே, "ஞாயித்துக்கெழம வர்றேன் அக்கா" என்றாள்.

சொன்னபடி அவள் வந்தாள். மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவில் படி இறங்கி வருவதற்குள் அவள் காலில் மூன்று அட்டை ஏறிவிட்டது. ஜீவராணி உப்பு வைத்து அதை எடுத்துவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்கு அன்றைக்குப் பத்தியச் சாப்பாடு, பூண்டும் மிளகும் அரைத்த கருவாட்டுக் குழம்பு. அதே குழம்பை ஊற்றித் துஷ்யந்திக்கும் சோறு போட்டாள் மாரியாயி. கோபம் கோபமாக இருந்தாலும், வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் அந்த லயத்தில் இல்லை. துஷ்யந்தி சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தாள். பாதிச் சோற்றில் கை நின்றுவிட்டது.

"இத நான் அழிச்சேன்" என்றாள்.

"ஆமா" என்றாள் மாரியாயி. வேண்டாம், விடு என்று அவள் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலைமையிலும் இல்லை.

துஷ்யந்தி வாசற்கதவைக் கழற்றி வைக்கச் சொன்னாள். முருகையா முணுமுணுத்துக்கொண்டே கழற்றி வைத்தான். ஒரு வெள்ளை வேட்டியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடிக்கச் சொல்லி, சுவர்மேல் வெளிச்சம் விழவைத்தாள். இரண்டு மூன்று எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"பளிச்சுனு தெரியுது. ஆனா பேப்பர்ல வந்தா இது எவ்வளவு அகலம்னு யாருக்கும் புரியாது. சும்மா கீறல்னு நெனப்பாங்க. பக்கத்துல அளவு தெரியிற மாதிரி ஏதாச்சும் வேணும். கறுப்புக்குப் பக்கத்துல வெளிச்சமா ஏதாச்சும் இருந்தாத்தான் கண்ணுக்குப் பிடிபடும்."

மாரியாயி சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டினாள். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, வெடிப்புக்குள் கையை விட்டாள். விரல் போனது, மணிக்கட்டு போனது. முழங்கையும் போனது. ஜீவராணி, "அம்மா வேணாம், பாம்புபூச்சி இருக்கும்" என்றாள். மாரியாயியின் முகத்தில் ஏதோ மாறியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் விரல் நுனியில் ஈரமண் பட்டது. மலை சுவரோடு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் முன்பு ஒரு ஆள் நடக்க வழி இருந்தது.

"எடு தங்கச்சி" என்றாள். "இத வரையிறதுக்கு ஒன் கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

துஷ்யந்தி எடுத்தாள். மாரியாயி கேமராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அழவுமில்லை. துரையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

புதன்கிழமைப் பேப்பரில் அந்தப் படம் வந்தது. துஷ்யந்தி அதைக் கொஞ்சம் வெளுக்க வைத்ததைத் தவிர வேறு எதிலும் கை வைக்கவில்லை. மை குடித்துச் சுவர் கறுத்துப் போயிருந்தது. ஆனால் ஒரு பொம்பிளையின் கை முழங்கைக்கு மேலே சுவரால் விழுங்கப்பட்டிருப்பது குருடனுக்கும் தெரியும். மண்சரிவுக் கந்தோரிலிருந்து தோட்டத்துக்குப் போன் வந்தது. அதிகாரிகள் தை மாசத்துக்குக் காத்திருக்கவில்லை, வெள்ளிக்கிழமையே வருகிறார்களாம். சேதி லயத்துக்கு வந்தபோது, மாரியாயி முதல்தடவையாகப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். முருகையாகூட, "பரவாயில்ல, சாதிச்சுப்புட்ட" என்று சொன்னான்.

வியாழக்கிழமை காலைப் பெரட்டில் துரை இல்லை. கணக்கப்பிள்ளை மட்டும் முருகையாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மாரியாயி பார்த்தாள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலையாக இருக்கும் என்று நினைத்து மலைக்கு ஏறிவிட்டாள். பத்துமணி தேத்தண்ணிக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. படங்குக்குள் புகுந்து முதுகில் இறங்கியது. பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இராக்கம்மா கத்திச் சொன்னாள்.

"ஏன் மாரி, ஒங்க வீட்ல சீமெந்து வேல நடக்குதாமே? கொளந்தைக்கு ஒத்துக்குமா, இந்த ஈரத்துல?"

"என்னா வேல?"

"கங்காணி சொன்னாரு. மேசன் பாஸ் வந்திருக்காராம். நாளைக்கு ஆபீசர்மார் வர்றாங்கன்னு செவரெல்லாம் பூசுறாங்களாம்."

மாரியாயி கூடையை அங்கேயே போட்டாள். கொழுந்து சரிந்து சேற்றில் விழுந்தது. அவள் குறுக்குப்பாதையில் விழுந்து எழும்பி இறங்கினாள். இராக்கம்மாவும் பின்னாலேயே வந்தாள். அவளுக்கும் அதே லயத்தில்தான் வீடு.

ஜீவராணி பிள்ளையைச் சீலைக்குள் பொத்திக்கொண்டு, தாழ்வாரத்தில் சாரலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். உள்ளே கட்டிலை இழுத்து ஓரமாகப் போட்டிருந்தது. மேசன் பாஸ் வேலையை முடித்துவிட்டுக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சுவர் வழுவழுவென்று இருந்தது. பதுளையில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் செய்த வேலையை, தோட்டம் சீமெந்தில் செய்து முடித்திருந்தது. அந்தப் பெண் தெரியாமல் செய்தாள். இவர்கள் தெரிந்து செய்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

தாச்சியில் சீமெந்து குழைத்து வைத்திருந்தது முருகையா. முழங்கைவரை சாம்பல் பூசிக்கொண்டு நின்றான்.

"நீங்களா குழைச்சீங்க?"

"கணக்கப்பிள்ள இந்த வேலைக்கு என் பேரு போட்டுட்டாரு. மாட்டேன்னா இன்னைக்கு மட்டும் இல்ல, இந்த மாசமே பேரு இல்லைன்னாரு. தொரை வந்து நின்னாரு மாரி. பூசி முடியிற வரைக்கும் நின்னுட்டு இப்பத்தான் போனாரு."

"ஒங்க பேத்தி படுக்கிற எடம்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் குழைச்சீங்களா?"

முருகையா தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பாஸ் அந்தப் பக்கம் போகிறவரை இருந்து, மெதுவாகச் சொன்னான். "மணல அள்ளி அள்ளிப் போட்டிருக்கேன் மாரி. சீமெந்து பேருக்குத்தான். அது பிடிக்காது. ரெண்டு நாள்ல பொளந்துக்கிட்டு வந்திரும்."

இருபத்தைந்து வருஷம் துரைமாருக்கு மறுத்து ஒரு வார்த்தை பேசாத மனுசன். அவனால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான். இன்னொரு நாளாக இருந்தால் மாரியாயி சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆபீசர்மார் நாளைக்கு வர்றாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பொளந்து யாருக்குக் காட்டப் போறீங்க? நம்ம கருமாதிக்கு வர்றவங்களுக்கா?"

அவள் சுவரோரம் போய் ஈரச் சீமெந்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. கையை எடுத்தபோது, பூச்சுக்கு நடுவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு வந்து தரையில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. செம்மண் கலந்த தண்ணீர். பூச்சுக்கு அந்தப் பக்கத்தில் மழை வேலையை நிறுத்தவில்லை. இராக்கம்மாவும் அதைப் பார்த்தாள். அவளுக்கு அப்புறம் யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் காம்பராவுக்கு ஓடினாள்.

மாரியாயி சுரண்டிக் காட்டலாம் என்றும் நினைத்தாள். சுரண்டினால் தோட்டத்துச் சொத்தை உடைத்தாள் என்று பொலிசுக்குப் போவார்கள். படம் எடுத்தால் பூச்சுதான் விழும். இனி யாருக்கும் எதையும் காட்டுகிற வேலை வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. காட்டிக் காட்டித்தான் இத்தனை நாளும் போனது. காட்டுவதற்கு உயிரோடு இருக்க வேண்டும்.

"ஜீவா, பிள்ளையத் தூக்கு."

"எங்கம்மா?"

"மேல."

முருகையாவுக்குப் புரிந்துவிட்டது. "ஏய், அங்கயா? அது வெளியூர் ஆளுங்க வந்து தங்குற எடம். பொலிசக் கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும். பொலிசு ஸ்டேசன்லயும் செவரு நல்லாத்தான் இருக்கும்."

அவள் அரிசிச் சாக்கையும் பாயையும் தலையில் வைத்துக்கொண்டாள். முருகையா தாச்சியை எட்டி உதைத்துக் கவிழ்த்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டான். வாசலுக்கு வந்தபோது லயத்தில் எல்லாக் காம்பராக் கதவும் திறந்திருந்தது. இராக்கம்மா வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லியிருந்தாள். ஆட்கள் பாத்திரமும் படுக்கையுமாக மழைக்குள் இறங்கினார்கள். யாரும் சத்தம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. வேலைக்குப் போகிற மாதிரித்தான் வரிசையாகப் போனார்கள்.

மலை உச்சியில், பாறைமேல் கட்டிய பழைய சின்னத்துரை பங்களா. துரைமார் யாரும் இப்போது அதில் இல்லை. வர்ணம் பூசி, கண்ணாடி மாற்றி, வெளியூரிலிருந்து தேயிலை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறவர் லத்தீப், பண்டாரவளை ஆள். வாசல் விறாந்தையில் ஈரச் சாக்கும் பிள்ளைகளும் வந்து நிறைவதைப் பார்த்து, கையில் துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

"அக்கா, என்ன இது? எல்லாரும் ஏன் இங்க வந்திருக்கீங்க?"

"தங்க வந்திருக்கோம்."

"தொரைக்குத் தெரியுமா?"

"இனிமே தெரியும்."

லத்தீப் கெட்ட ஆள் இல்லை. ஜீவராணியின் கையில் நனைந்த சீலைக்குள் பிள்ளை சிணுங்குவதைப் பார்த்துவிட்டு, முதலில் ஒரு துவாலையை எடுத்து வந்து கொடுத்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. ஆனா இன்னைக்குப் பின்னேரம் கொழும்புலேருந்து ரெண்டு குடும்பம் வருது. ரூம் எல்லாம் புக்கிங். வந்து கேட்டா அவங்கள நான் எங்க தங்க வைக்கிறது?"

மாரியாயி தலையிலிருந்த அரிசிச் சாக்கை விறாந்தையில் இறக்கி வைத்தாள். கீழே மழைக்குள் லயத்துத் தகரக்கூரை மங்கலாகத் தெரிந்தது.

"எங்க லயத்துக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி. காம்பராவெல்லாம் காலியாத்தான் கெடக்கு. செவரும் இன்னைக்குத்தான் பூசினது, தொரையே கூட நின்னு பூசுனாரு. முன்னால நின்னு படம் எடுத்துக்கச் சொல்லுங்க. பேப்பர்ல போடுற மாதிரி அழகா இருக்கும்."